ஜோசப் விட்வர்த்

சர் ஜோசப் விட்வர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) ஓர் ஆங்கிலேய இயந்திரப் பொறியியலாளரும் கருவித் தயாரிப்பாளரும் ஆவார். ஒரு நாடு முழுவதும் வழக்கிற்கு வந்த முதல் சீர்தரத் திருகு மரையை 1841ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் இவரே. பழைய பிரித்தானிய வாகனங்களைப் பழுது பார்ப்பதற்கான சாக்கெட்டுகளில் இன்றும் காணப்படும் "டபிள்யூ" என்னும் குறி இவரது பெயரின் முதலெழுத்தாகும்.

இளமை

விட்வர்த் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் விட்வர்த் பள்ளி ஆசிரியரும் சமயப் போதகரும் ஆவார். பதினான்காம் வயதில் விட்வர்த் டெர்பிஷயரில் இருந்த உறவினர் ஒருவரின் பருத்தி ஆலையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். ஆலையை நிர்வகிப்பதைவிட அதன் இயந்திரங்களிலேயே இவருக்கு ஈடுபாடு மிகுந்திருந்தது. எனவே அங்கிருந்து வெளியேறி, மான்செஸ்டரில் இயந்திரத் தொழிலாளியாக வேலை பார்த்தார். 1825இல் திருமணம் செய்துகொண்டு இலண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த கருவித் தயாரிப்பாளரான ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் சேர்ந்தார். பின்னர், சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் பொறிக்கு உறுப்புகளைச் செய்துவந்த ஜோசப் கிளமென்ட்டிடமும் பணியாற்றினார். 1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தத் தொழிற்கூடத்தைத் தொடங்கினார்.

சமதளமும் அளவீடும்

துல்லியமான இயந்திரம் செய்வதற்கு முதலில் துல்லியமான சமதளம் வேண்டும். அக்காலத்தில் உலோகத் தட்டுகளைத் தூள் கொண்டு ஒன்றோடொன்று தேய்த்துச் சமப்படுத்தினர். இரண்டு தட்டுகளை மட்டும் அவ்வாறு தேய்த்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் போனாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கும், பிழை வெளிப்படாது. விட்வர்த் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றை இரண்டிரண்டாக மாற்றி மாற்றி ஒப்பிட்டார். மூன்றும் எந்த இணையிலும் பொருந்தவேண்டுமானால் மூன்றும் சமதளமாக இருந்தே தீரவேண்டும். வண்ணம் தடவி மேடான இடங்களைக் கண்டறிந்து, அவற்றை மட்டும் சுரண்டி எடுத்தார். இம்முறையை 1840இல் கிளாஸ்கோவில் நடைபெற்ற பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் விளக்கினார். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டும் அளவுக் கருவியை இவர் காட்சிக்கு வைத்தார்.

சீர்தர மரை

அந்நாளில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டி வந்தது. ஒரு பட்டறையின் போல்ட்டு மற்றொரு பட்டறையின் நட்டில் ஏறாது. எனவே பழுதான இயந்திரத்திற்கு மாற்று உறுப்பு வேண்டுமானால், அதைச் செய்தவரிடமே செல்ல வேண்டியிருந்தது. விட்வர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்தார். மரைகளின் கோணங்களின் சராசரி ஏறத்தாழ 55 பாகையாக இருந்தது. அதையே அனைத்து அளவுகளுக்கும் பொதுக் கோணமாகக் கொண்டு, ஒவ்வொரு விட்டத்திற்கும் ஓர் அங்குலத்தில் எத்தனை மரைகள் என்பதை வரையறுத்தார். கால் அங்குல போல்ட்டிற்கு 20, அரை அங்குலத்திற்கு 12, ஓர் அங்குலத்திற்கு 8 என்பன அவ்வரையறையில் அடங்கும். 1841இல் குடிசார் பொறியாளர் கழகத்தில் இதனைக் கட்டுரையாக அளித்தார்.

புதிய வடிவம் ஒன்றைப் புகுத்தாமல், ஏற்கெனவே நிலவிய வழக்கங்களின் நடுநிலையைத் தேர்ந்ததால் எந்தப் பட்டறையும் தன் பழக்கத்திலிருந்து வெகுதூரம் விலக வேண்டியிருக்கவில்லை. இது இத்திட்டம் பரவப் பெரிதும் உதவியது. தொடர்வண்டி நிறுவனங்கள் இதனை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவில் 1864இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணம் கொண்ட வேறொரு மரையை முன்மொழிந்தார். இவ்விரு மரைகளும் பொருந்தாமை இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்குப் பெரும் இடராயிற்று. அதன் விளைவாக 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகியவை 60 பாகை கொண்ட பொது மரைக்கு உடன்பட்டன.

துப்பாக்கி

கிரிமியப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசு துப்பாக்கித் தயாரிப்பு குறித்து இவரது உதவியை நாடியது. இவர் அறுகோணத் துளையுடைய 0.451 அங்குலக் குழலை வடிவமைத்தார். 1857இல் நடந்த சோதனைகளில் இது படையின் 0.577 அங்குல என்பீல்டு துப்பாக்கியைவிடத் துல்லியமாகச் சுட்டது. எனினும் குழலில் எளிதில் கரி படிந்ததாலும் செலவு மிகுந்ததாலும் அரசு இதனை ஏற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் குறிசுடுவோர் சிலர் இதனைப் பயன்படுத்தினர்.

வாகனப் பழுது பார்ப்பில் விட்வர்த் அளவுகள்

விட்வர்த் சாக்கெட்டில் உள்ள எண், நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. அந்நட்டு ஏறும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பதாகும். 1/4 டபிள்யூ சாக்கெட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். பிற்கால அங்குல முறையில் 1/4 எனக் குறிக்கப்பட்ட சாக்கெட்டின் அகலமோ 6.35 மில்லிமீட்டர் மட்டுமே. அந்நட்டில் 13 மில்லிமீட்டர் சாக்கெட்டு நுழையாது. 14 மில்லிமீட்டர் சாக்கெட்டு தளர்ந்து சுழன்று நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

1908இல் வெளியான பிரித்தானிய நுண்மரையில், அதே போல்ட்டு விட்டத்திற்குத் தலை ஒரு படி சிறியது. ஆகவே 1/4 விட்வர்த் சாக்கெட்டே 5/16 நுண்மரைப் போல்ட்டிற்கும் பொருந்தும். பல சாக்கெட்டுகளில் இவ்விரு எண்களும் பொறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. நட்டின் அளவை வைத்து மரையையும் முடிவு செய்துவிடக் கூடாது. 1945 முதல் 1949 வரை தயாரான எம்ஜி டிசி மகிழுந்தின் எஞ்சினில் மரை மெட்ரிக் அளவிலும் தலை விட்வர்த் அளவிலும் அமைந்திருந்தன. இதன் வழிவந்த பழைய எஞ்சின்களைத் தயாரித்த ஆலையில் பிரெஞ்சு இயந்திரங்கள் இருந்தமையால் மரை மெட்ரிக்காயிற்று. பிரித்தானியப் பணியாளர்களின் ஸ்பானர்கள் பொருந்தவேண்டித் தலை விட்வர்த் அளவில் செய்யப்பட்டது. எனவே பழைய வாகனங்களில் நட்டின் அகலத்தையும் மரையையும் தனித்தனியே அளந்தபின் சாக்கெட்டையும் மாற்று போல்ட்டையும் தேர்வது நன்று.

இறுதிக் காலம்

1857இல் இவர் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1868இல், கோட்பாட்டு அறிவும் கைத்திறனும் ஒருங்கே கொண்ட இளம் பொறியாளர்களுக்காக ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். விட்வர்த் உதவித்தொகை இன்றும் வழங்கப்படுகிறது. 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1887இல் மான்டி கார்லோவில் காலமானார். இவரது உடல் டெர்பிஷயரின் டார்லி டேல் ஊரிலுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவருக்குக் குழந்தைகள் இல்லை. இவரது செல்வத்தின் பெரும்பகுதி கல்விக்கும் பொதுப் பணிகளுக்கும் பயன்பட்டது. மான்செஸ்டரிலுள்ள விட்வர்த் கலைக்கூடம் அவற்றுள் ஒன்று. இவரது நிறுவனம் 1897இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்து ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் ஆயிற்று.