கொள்ளிடத்தை மறித்த ஆர்தர் காட்டன்: சிதம்பரம் வயல்களுக்குத் தண்ணி வந்த கதை

ஆடி மாசம் வந்துட்டா கடலூர் மாவட்டச் செய்திகளில் தவறாமல் அடிபடும் ஒரு எண் 47.50. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் இருக்கும் வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் அது, அடிக் கணக்கில். அந்த அளவைத் தொட்டால் ஏரியில் 1,465 மில்லியன் கன அடி தண்ணி இருக்கிறது என்று அர்த்தம். ஏரியை நம்பி நாற்று விடுபவர்களுக்கு நிம்மதி. 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்காரர்களுக்கும் நிம்மதி.

ஏரியை உருவாக்கியது யார் என்று கேட்டால் சோழர்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் மருவி வீராணம் ஆனது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் இந்தக் கரைமேல் குதிரையில் வருவதோடுதான் கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குகிறது.

சரி, ஏரிக்குள் இப்போ தண்ணி எப்படி வருது? மேட்டூரில் திறந்துவிடும் காவிரி நீர் கொள்ளிடம் வழியாக அணைக்கரையில் இருக்கும் கீழணைக்கு வருகிறது. அங்கிருந்து வடவாறு அதை வீராணத்துக்குக் கொண்டு போகிறது. அந்தக் கீழணை சோழர் கட்டியது இல்லை. 1836ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. கட்டத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அப்போது 33 வயதான ஓர் இராணுவப் பொறியாளர்.

யார் இந்த ஆர்தர் காட்டன்?

1803 மே 15ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஏகப்பட்ட சகோதரர்கள் உள்ள பெரிய குடும்பம். 15 வயதில் கம்பெனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1821ல், 18 வயசுப் பையனாக மதராஸில் வந்து இறங்கினார். பாம்பன் கால்வாயில் கடலாழம் அளந்தார். 1824ல் தொடங்கிய முதல் பர்மா யுத்தத்துக்குப் போய் வந்தார். அதுவரைக்கும் அவர் கம்பெனியின் நூற்றுக்கணக்கான அதிகாரிகளில் ஒருவர், அவ்வளவுதான்.

1828ல் காவிரிப் பாசனப் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கேதான் கதை திரும்புகிறது.

தஞ்சாவூர் நிர்வாகம் 1799லேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது. வருமானத்தில் கம்பெனிக்கு அது பொன் விளையும் பூமி. ஆனால் வருஷத்துக்கு வருஷம் காவிரியில் தண்ணி குறைந்துகொண்டே வந்தது. மழை பொய்த்தது காரணமில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுகிற ஆறு, படுகையும் தாழ்வு. காவிரித் தலைப்பில் மணல் மேடு தட்டிக்கொண்டே போக, தண்ணி தனக்கு லேசான வழியில் கொள்ளிடத்துக்குள் இறங்கிவிட்டது. அப்படியே கடலுக்கும் போய்விட்டது.

கல்லணை சொல்லிக்கொடுத்த பாடம்

காட்டன் முதலில் கை வைத்தது கல்லணையில். 1830 வாக்கில் அதில் மணல் போக்கி மதகுகள் வைத்தார். படிந்த மணலை வெள்ளமே அரித்துக்கொண்டு போகட்டும் என்பது யோசனை. அந்த வேலையின்போதுதான் அவர் கல்லணையின் அடித்தளத்தைக் கவனித்தார். ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு அப்போது இருந்த பெரிய பயம், ஆழம் காண முடியாத ஆற்று மணலில் எப்படிக் கட்டுவது என்பது. பாறை தட்டுப்படும் வரை தோண்ட முடியாது. தோண்டாமல் கட்டினால் வெள்ளம் அடியை அரித்துவிடும்.

கரிகாலன் பெயரில் சொல்லப்படும் அந்தப் பழைய அணையைக் கட்டியவர்கள் பாறையைத் தேடவே இல்லை. மணலுக்குள் கல்லைப் போட்டிருக்கிறார்கள். அது புதையப் புதைய மேலும் கல்லைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் கல் இறங்குவது நின்றுவிடும். அதன் மேல் எழுப்பிய அணை பல நூற்றாண்டு வெள்ளத்தைத் தாங்கி நின்றது. மணலில் கட்டும் வித்தையைத் தான் கற்றது பெயர் தெரியாத அந்த மனிதர்களிடம்தான் என்று காட்டன் பிற்காலத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். ஒரு கம்பெனி அதிகாரியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அணைக்கட்டு என்ற தமிழ்ச் சொல்லே அனிகட் என்று ஆங்கிலத்துக்குள் போனதும் இப்படிப்பட்ட வேலைகளின் வழியாகத்தான்.

தஞ்சாவூருக்குக் கொடுத்தால் சிதம்பரத்துக்கு என்ன?

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை போட்டுவிட்டால் தண்ணி காவிரிக்குத் திரும்பிவிடும். தஞ்சாவூர் பிழைக்கும். இதுதான் மேலணை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கொள்ளிடத்தை நம்பியும் ஜனங்கள் இருந்தார்கள்.

ஆற்றின் வடகரையில் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரம். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் அது நல்ல நெல் விளையும் பகுதி. தென்கரையில் சீர்காழிப் பக்கத்து ஊர்கள். இந்தப் பக்கத்து வாய்க்கால்களெல்லாம் கொள்ளிடத்திலிருந்து பிரிபவை. ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால் வாய்க்காலில் தண்ணி ஏறும், இல்லாவிட்டால் இல்லை. மேலே ஆற்றை மறித்தால் இவர்கள் வயல் காயும். ஒரு மாவட்டத்துக்குக் கொடுப்பதற்காக இன்னொரு மாவட்டத்தின் வயிற்றில் அடிப்பது போலத்தான்.

அதனால்தான் இரண்டு அணைகள். முக்கொம்பில் ஒன்று. அங்கிருந்து ஆற்றோடு 100 கிலோமீட்டருக்கும் மேல் கீழே வந்து அணைக்கரையில் இன்னொன்று. மேலணையைத் தாண்டி வெள்ளக் காலத்தில் வழிந்து வருகிற தண்ணி, வழியில் கசிந்து சேருகிற தண்ணி, இதையெல்லாம் கீழே நிறுத்தி உயர்த்தினால் வாய்க்கால்களுக்குள் தானாக ஏறும். வடக்கே வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும், தெற்கே தெற்கு ராஜன் வாய்க்காலும் இப்படித்தான் உயிர் பெற்றன. கீழணையில் நிறுத்தக்கூடிய உயரம் இன்றைக்கும் 9 அடிதான். மேட்டூரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த 9 அடியை நம்பி வீராணத்தையும் சேர்த்து 1.3 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. வீராணத்தின் பங்கு மட்டும் 44,856 ஏக்கர்.

இந்த இடத்தில் மழைக் கணக்கையும் பார்க்கணும். கடலூர் மாவட்டத்துக்கு மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில்தான், வடகிழக்குப் பருவக்காற்றில். ஆனால் சம்பாவுக்கு நாற்று விடுவதும் உழுவதும் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாகணும். அந்தச் சமயத்தில் தென்மேற்குப் பருவமழை குடகு மலையில்தான் கொட்டிக்கொண்டிருக்கும். குடகில் பெய்த மழையைச் சிதம்பரத்து நாற்றங்காலுக்கு நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 1934ல் மேட்டூர் அணை வரும் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட நூறு வருஷம், அந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் இருந்த பெரிய பதில் கீழணைதான்.

எல்லாம் ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. மேலணை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வேலை செய்தது. காவிரிக்குள் தண்ணி பாய்ந்து படுகையையே அரிக்க ஆரம்பித்தது. கொள்ளிடத்தில் மணல் மேடு தட்டியது. கடைசியில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, 1845ல் காவிரித் தலைப்பிலும் ஒரு குறுக்குச் சுவர் கட்ட வேண்டி வந்தது. முதலில் தண்ணி போதவில்லை, அப்புறம் தண்ணி ஜாஸ்தி!

இன்னொன்றையும் சொல்லிவிடணும். கம்பெனி இதையெல்லாம் தர்மத்துக்குச் செய்யவில்லை. தண்ணி பாய்ந்தால் விளைச்சல் கூடும், விளைச்சல் கூடினால் நிலவரி கூடும். போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்று கணக்குக் காட்டித்தான் காட்டன் தன் திட்டங்களுக்கு அனுமதி வாங்கினார். கல் சுமந்து மணலில் இறக்கிய கூலியாட்களின் பெயர்கள் இந்த வரலாற்றில் எங்கேயும் வருவதில்லை.

ரயில் விட்டவர், ரயிலை எதிர்த்தார்

கீழணை முடிந்த கையோடு மதராஸ் செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல ஒரு சின்ன ரயில் பாதை போட்டார் காட்டன். இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று இன்றைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். பம்பாய்க்கும் தாணேவுக்கும் நடுவில் பயணிகள் ரயில் ஓடியதற்கு 15 வருஷத்துக்கும் மேல் முந்தியது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் இந்தியாவில் ரயிலுக்குக் கொட்டும் பணத்தை எதிர்த்து அதிகம் சண்டை போட்டவரும் இவர்தான்.

நடுவில் உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் போனார். திரும்பி வந்ததும் கோதாவரி. பஞ்சத்தில் ஜனத்தொகை சரிந்து கிடந்த மாவட்டம் அது. 1847ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852ல் முடிந்தது. தீவுகளை இணைத்து நான்கு துண்டுகளாகக் கட்டிய, சுமார் மூன்றரை கிலோமீட்டர் அணை. அடித்தளம் அதே மணல், முறையும் காவிரியில் படித்த அதே முறை. கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு. பகீரதனுக்கு இணையாகப் பேசுகிறார்கள், புஷ்கரம் நடக்கும்போது அவருக்குப் பிண்டம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். காவிரி, கொள்ளிடக் கரைகளில் அவர் பெயர் அந்த அளவுக்குப் புழங்கவில்லை. இங்கே கல்லணை ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1860ல் ஓய்வு. 1861ல் சர் பட்டம். அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணம் உட்பட இந்தியாவில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. ரயில் இருந்தது, தானியமும் ஓடியது. விலை இருந்த இடத்துக்கு ஓடியது. காட்டன் இங்கிலாந்தில் மேடை மேடையாகப் பேசினார். ரயிலுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கைக் கால்வாய்களுக்குச் செலவழித்திருந்தால், நதிகளை இணைத்திருந்தால், பாசனமும் கிடைத்திருக்கும், படகில் மலிவாகச் சரக்கும் போயிருக்கும் என்பது அவர் வாதம். 1878ல், 75 வயதில், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் போய் உட்கார்ந்தார். குறுக்கு விசாரணை கடுமையாகவே இருந்தது.

எதிர்த்தவர்கள் கையிலும் ஆதாரம் இருந்தது. அவர் ஆதரித்த கர்னூல்–கடப்பா கால்வாய் வணிக ரீதியில் படுதோல்வி. டெல்டாவில் பலித்த கணக்கு மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. செலவை எப்போதும் குறைத்தும் லாபத்தைக் கூட்டியும் மதிப்பிடுவார் என்ற குற்றச்சாட்டு பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தண்ணி கடலில் போய்ச் சேர, ஜனங்கள் பட்டினியில் சாவதைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் குழுவில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. கப்பல் கால்வாய்த் திட்டம் அப்படியே கிடப்பில் போனது.

கடைசிக் காலத்தில் லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் ஊரில் இருந்த தன் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை போட்டு, சின்ன இடத்தில் எவ்வளவு விளைவிக்கலாம் என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24ல், 96 வயதில் இறந்தார். மறு வருஷம் அவர் மகள் ஹோப் சீமாட்டி அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

அணைகள் இப்போ எப்படி இருக்கு?

2018 ஆகஸ்ட் 22 சாயங்காலம் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. அதே வெள்ளத்தில் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில், சிதம்பரம் பக்கத்துத் திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி போன்ற தீவுக் கிராமங்களைத் தண்ணி சூழ்ந்துகொண்டது. 9 அடி நிறுத்தும் கீழணையால் பெருவெள்ளத்தைப் பிடித்துவைக்க முடியாது. வந்ததை அப்படியே கடல் பக்கம் தள்ளிவிடத்தான் முடியும்.

வீராணத்துக்கு 2004ல் இன்னொரு பங்குதாரர் வந்தார். புதிய வீராணம் திட்டத்தில் நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் குழாயில் போகிறது. ஏரியின் அடியில் வண்டல் சேர்ந்துகொண்டே வருகிறது. கோடையில் மட்டம் இறங்கும்போது பாசனத்துக்கா, குடிநீருக்கா என்ற பேச்சு காட்டுமன்னார்கோவில் பக்கம் எழுகிறது. மேலே இருப்பவருக்குக் கொடுத்தால் கீழே இருப்பவருக்கு என்ன மிச்சம் என்று 1830களில் முக்கொம்பை வைத்து எழுந்த கேள்வி இது. இந்தத் தடவை கேட்பது ஆற்றுக்காக இல்லை, குழாய்க்காக.