நாள் தவறாத செபத்தைத் தமிழில் கற்றுக்கொடுத்த சவேரியார்

கெலுகோர் - பினாங்கு சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த தேவாலயம் புனித சவேரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கெலுகோர் வட்டாரக் குடும்பங்களுக்கும் அது பழகிய பெயர்தான். வீட்டில் தினமும் தமிழில் செபம் சொல்லும் வழக்கத்திற்கு அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் 1506-இல் பிறந்த சவேரியார், 1542 மே மாதம் கோவா வந்தார். அதே ஆண்டில் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்குள்ள பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால், செபம் சொல்லிக்கொடுக்க அவர்கள் மொழி தெரிந்த குரு இல்லை.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தினமும் இருவேளை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர். நோயாளிகளின் வீடுகளில் செபிக்கவும் பிள்ளைகளையே அனுப்பினார்.

மொழிபெயர்ப்பில் தவறும் நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசம்' வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இருந்தது. 1544-இல் அதை உணர்ந்த அவர், சொல்லை மாற்றும்படி உடன் பணியாளர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். சொல்லிப் பழகிவிட்டார்களே என்று விட்டுவிடவில்லை.

அதே ஆண்டில் வடுகர் படை தாக்கியதால் கரையோர மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் தஞ்சமடைந்தனர். படகுகளில் உணவு கொண்டு செல்ல முயன்றபோது காற்று எதிர்த்தது. பிறகு அவர் நடந்தே அவர்களைத் தேடிப் போனார்.

ஓர் ஊரில் நிரந்தரமாகத் தங்க அவரால் இயலவில்லை. அதனால் ஊருக்கு ஒரு செபப் பிரதி விட்டுச்சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்கவும், எல்லாரும் மனப்பாடம் செய்து தினமும் சொல்லவும் ஏற்பாடு செய்தார். குரு இல்லாத நாளிலும் செபம் நிற்கக்கூடாது என்பதே அவர் எண்ணம்.

1545-இல் மலாக்கா வந்தபோதும் அதே வழிதான். செபங்களை மலாய் மொழியில் தயாரித்தார். அந்தியில் மணியடித்தபடி தெருக்களில் நடந்தார்.

1552 டிசம்பர் 3-ஆம் தேதி, சீனக் கரையோரச் சான்சியான் தீவில் 46 வயதில் காலமானார். அவரது உடல் 1553-இல் சில மாதங்கள் மலாக்காவில் வைக்கப்பட்டுப் பின்னர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 3 அவரது திருநாள்.