பேராசிரியர் ராபர்ட் காடார்டு

1882-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் பிறந்த இப்பௌதிக ஆசிரியர், விண்ணை எட்டும் ராக்கெட்டையே இளமைமுதல் கனவு கண்டவர். முதல் உலகயுத்தமோ அவரைப் படைக்கலம் சமைக்கச் செய்தது. 1918 நவம்பர் 6-இல் அபர்டீன் சோதனைக்களத்தில், இசையேடு தாங்கும் மெல்லிய சட்டத்தின்மேல் குழாயொன்றை வைத்து, அதனின்று ராக்கெட்டை எய்து காட்டினார். இருபுறமும் திறந்த குழாயாதலின் பின்னுதைப்பு இல்லை. ஐந்தாம் நாள் போர் ஓய்ந்தது, கருவியும் மறக்கப்பட்டது. போர் ஓய்ந்ததற்கு யாம் வருந்தோம். அவரும் தம் பழைய ஆராய்ச்சிக்கே மீண்டு, 1926-இல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதற் பறக்கவிட்டார். 1942-இல் கவசவண்டிகளை எதிர்க்கக் காலாட்படையினர் தோளில் ஏந்திய பஸூக்கா, அக்குழாயின் வழித்தோன்றலே என்பது எம் கருத்து. இரும்பைத் துளைக்கும் குழிவெடி மட்டும் பிறர் சேர்த்தது. அம்முயற்சிக்குத் துணைநின்ற ஹிக்மன், 1918-இல் காடார்டின் உதவியாளராயிருந்தவர். காடார்டு 1945 ஆகஸ்டு 10-இல் காலமானார். 1969-இல் மனிதர் சந்திரனை அடைந்ததை அவர் கண்டிலர்.