கடல் கடந்த கல்வியும் வ.வே.சு. ஐயரும்

ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்காலுக்கு நீர் ஈந்து, பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தழுவிச் செல்லும் காவிரி, பல காதம் நடந்து திருச்சிராப்பள்ளியை அடைகின்றது. அந்நகரின் ஒரு பகுதியே வரகனேரி. தமிழ்ச் சிறுகதையின் தந்தையென இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் போற்றும் வ.வே.சு. ஐயரின் பெயரிலுள்ள முதல் எழுத்து இவ்வூரையே குறிக்கும். வேங்கடேச ஐயருக்கும் காமாட்சி அம்மையாருக்கும் மகனாக 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் தோன்றிய சுப்பிரமணியம், காவிரி நாட்டிலிருந்து தேம்சு நதிக்கரைக்குக் கல்வி கருதிச் சென்றார். சென்ற வழி ஒன்று. திரும்பிய வழி மற்றொன்று. அவ்விரு வழிகளுக்கும் இடையே அவர் கற்றவை யாவை, கற்றவற்றுள் எவை தமிழுக்கு வந்து சேர்ந்தன, எது வாராது நின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது எழுதுவோர்க்குப் பயன்தரும்.

சட்டம் பயிலச் சென்றவர்

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஐயர் இலத்தீன் மொழியையும் பாடமாகக் கொண்டார். பிற்காலத்தில் கம்பனை வர்ஜிலுடன் ஒப்பிட்டு நோக்கும் ஆற்றலுக்கு அன்றே வித்து ஊன்றப்பட்டது. பட்டம் பெற்றபின் வழக்கறிஞர் தேர்விலும் வென்று, பிறந்த ஊரிலேயே தொழில் நடத்தினார். மேலும் உயர வேண்டுமென்னும் வேட்கை அவரை 1906இல் இரங்கூனுக்கு ஈர்த்தது. அங்கிருந்து, பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907இல் இலண்டனை அடைந்து, லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. மனைவி பாக்கியலட்சுமி அம்மையார் தாயகத்திலேயே இருந்தார்.

அக்காலத்தில் இலண்டன் செல்லும் இந்திய மாணவர்க்கு உணவும் உறைவிடமும் பெருஞ்சிக்கல்களாக இருந்தன. மரக்கறி உணவு எளிதில் கிட்டாது. நிறம் கண்டு இடம் மறுக்கும் இல்லங்களும் உண்டு. இக்குறை தீரச் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் ஹைகேட் பகுதியில், குரோம்வெல் அவென்யூவில், இந்தியா இல்லம் என்னும் மாணவர் விடுதியை நிறுவியிருந்தார். ஐயர் அங்குச் சென்று சேர்ந்தார். இரங்கூனில் அறிமுகமாகி, மருத்துவம் பயில வந்திருந்த தி.சே.சௌ. ராஜனும் அங்கிருந்தார். விடுதியின் உயிர்நாடியாக விளங்கியவர் விநாயக தாமோதர சாவர்க்கர்.

பிற மாணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களையும் காட்சிச்சாலைகளையும் நாடிச் செல்வர். இந்தியா இல்லத்து மாணவர்க்கோ ஞாயிறு கூட்டம் நிகழும் நாள். இத்தாலிய விடுதலையும் 1857ஆம் ஆண்டுப் பெரும் போரும் அங்கே ஆராயப்பட்டன. வார நாள்களில் ஆங்கிலேயர் சட்டத்தைக் கற்ற இளைஞர், வார இறுதியில் அச்சட்டம் தம் நாட்டில் நடைபெறும் முறையை எண்ணி வெதும்பினர். பாரதியாரின் 'இந்தியா' இதழுக்கு ஐயர் இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதி அனுப்பினார். அவர் உரைநடை பழகிய முதற்களங்களுள் அக்கடிதங்களும் அடங்கும்.

ஒரு விருந்தும் ஒரு தூக்குமேடையும்

1909ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள், இலண்டனில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் கர்சன் வைலி என்னும் அதிகாரியை மதன்லால் திங்க்ரா சுட்டு வீழ்த்தினார். ஆகஸ்டு 17ஆம் நாள் பெண்டன்வில் சிறையில் திங்க்ரா தூக்கிலிடப்பட்டார். அது முதல் இந்திய மாணவர் சென்ற இடமெல்லாம் உளவர் நிழல்போல் தொடர்ந்தனர்.

அந்நெருக்கடிக்கு இடையே, அக்டோபர் 24ஆம் நாள், விசயதசமி விருந்தொன்று நடைபெற்றது. தலைமை தாங்க இசைந்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள். உணவு மரக்கறியாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த முறை. மாணவர்களே சமைத்தனர். முன்னதாகவே வந்து அடுக்களை வேலையில் கைகொடுத்த மெலிந்த மனிதரே அன்றைய தலைவர் என்பது பின்னரே தமக்குத் தெரிந்ததாக ராஜன் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளார். பல மாகாணத்தாரும் பல சமயத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். வழியால் வேறுபட்ட காந்தியும் சாவர்க்கரும் ஒரே மேடையில் பேசினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு பந்தியே ஐயரின் வாழ்வில் பெரும்புயலை எழுப்பியது. ஆதலின் இந்த இலண்டன் பந்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

வேடமும் வழியும்

1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாரிசிலிருந்து திரும்பிய சாவர்க்கர் விக்டோரியா இரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அடுத்த இலக்கு ஐயர்தாம் என்பது வெளிப்படை. பாரிஸ்டர் ஆவதற்கென்றே கடல் கடந்து வந்தவர், அப்பட்டத்தைத் துறந்து லிங்கன்ஸ் இன்னிலிருந்து விலகினார். பின்னர்ச் சீக்கியர் கோலம் பூண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குத் தப்பினார்.

அப்பயணத்தைப் பற்றி அவர் வரலாற்றை எழுதியோர் விரும்பிக் கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஐயரின் பெட்டியில் வி.வி.எஸ். என்னும் மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஐயம் கொண்ட உளவர் ஒருவர், ஐயருக்கு வந்த தந்தியெனக் கூறி ஒன்றை நீட்டி, அவர் முகக்குறிப்பை நோக்கினார். ஐயர் சிறிதும் கலங்கவில்லை. தம் பெயர் வீர விக்ரம் சிங் என்றும், பெட்டியிலுள்ள எழுத்துகள் அப்பெயரையே குறிப்பன என்றும் விடையளித்தார். வரகனேரியின் வகரம் வீரத்தின் வகரமாகியது. சுப்பிரமணியத்தின் சகரம் சிங்கத்தின் சகரமாகியது.

பாரிசில் மேடம் காமா முதலியோரின் துணை கிட்டியது. எனினும் நாடு திரும்புவதையே ஐயர் தேர்ந்தார். சீக்கியர் கோலம் நீங்கி, இம்முறை முஸ்லிம் பெரியவராகத் தோற்றம் கொண்டார். பிரித்தானியக் கண்காணிப்புப் பரவியிருந்த கீழ்த்திசைக் கடல்வழியைக் கடந்து, 1910ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

உடையை மாற்றுவது எளிது. அவ்வுடைக்குரிய நடையையும் பேச்சையும் நாள்தோறும் பிழையின்றிக் காத்தல் அரிது. பிறிதொரு மனிதராக வாழ்ந்து காட்டும் அப்பயிற்சி கதைஞர்க்கும் இன்றியமையாதது. உயிர்காக்க மேற்கொண்ட வேடம், அறியாமலே ஓர் இலக்கியப் பயிற்சியாயிற்று எனக் கருத இடமுண்டு.

தமிழுக்கு வந்த பொருள்

புதுச்சேரியில் ஐயர் பத்தாண்டுகள் வாழ்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே தோழராயினர். 1911இல் ஆஷ் கொலையுண்டபோது, வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்னும் பேச்சு எழுந்தது. 1914இல் ஐரோப்பியப் பெரும்போர் மூண்டபின், புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தோரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட முயற்சி நடந்தது. அச்சூழலில் ஐயர் தொடங்கிய பணியே திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. நாடு கடத்தப்படுவதற்குள் தமிழின் தலைநூலை உலகின் கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்னும் விரைவு அதன் பின்னே இருந்தது. 1330 குறட்பாக்களும் மொழிபெயர்க்கப்பட்டு, 1916இல் நூல் வெளிவந்தது.

அவர் எழுதிய சிறுகதைகளை வரிசைப்படுத்தி நோக்கினால், அவர் நடந்த வழியின் சுவடுகள் புலப்படும். 'அழேன் ழக்கே' பிரெஞ்சு நாட்டைக் களமாகக் கொண்டது. 'எதிரொலியாள்' கிரேக்கப் புராண மரபைத் தொட்டது. அரபு மரபின் லைலா மஜ்னூன் காதலையும், மொகலாய அரண்மனையின் அனார்கலியையும் அவர் தமிழில் வழங்கினார். குரு கோவிந்த சிங்கின் வரலாற்றையும் நெப்போலியனின் வரலாற்றையும் நூலாக்கினார். சீக்கியர் கோலத்தில் கால்வாயைக் கடந்தவரே சீக்கியர் குருவின் வரலாற்றைத் தமிழர்க்குச் சொன்னார். இத்தனையும் சொல்லியவர், பெரும்புகழ் பெற்ற 'குளத்தங்கரை அரசமரம்' கதைக்கு மட்டும் நம் ஊர்க் குளக்கரையையே தேர்ந்தார். கதை சொல்வது ஒரு மரம். கதைத் தலைவி ருக்மணி. அவளை அழிப்பது பணம் கருதும் மண உறவு. தொலைவில் கற்ற சிறுகதை வடிவம் அண்மையிலுள்ள துயரத்தைப் பேசுதற்கு இசைந்து நின்றது. ஐயரின் வெளிநாட்டுக் கல்வி முதிர்ந்து கனிந்த இடம் அக்கதையே.

போர் முடிந்து, 1920இல் பிரித்தானிய இந்தியாவுக்குள் வர வழி பிறந்தது. ஐயர் வன்முறை நெறியிலிருந்து விலகிக் காந்தியடிகளின் நெறியை ஏற்று, 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார். 1921இல் கைதாகிப் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில ஆய்வை எழுதினார். ஓமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகியோர் வரிசையில் கம்பனை நிறுத்தி ஆராயும் அந்நூல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் அச்சேறியது.

கடக்கப்படாத வாயில்

சிறை மீண்டபின் தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியில் ஐயர் தமிழ்க் குருகுலம் கண்டார். கல்வியும் கைத்தொழிலும் நாட்டுப்பற்றும் ஒருங்கே வளர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். காங்கிரசு பொருளுதவி செய்தது. ஆனால், அங்கே பிராமண மாணவர் இருவர்க்கு மட்டும், பெற்றோர் விருப்பத்திற்கிணங்கத் தனியே உணவு அளிக்கப்பட்டது. செய்தி வெளிப்பட்டதும் தமிழகம் கொந்தளித்தது. ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் கண்டன முழக்கம் எழுப்பினார். ஜேடர்பாளையத்திற்கு மேலே, காவிரியின் எதிர்க்கரையில் அமைந்த ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. கடுமையாக எதிர்த்தார். காந்தியடிகள் வரை வழக்குச் சென்றது. ஆக, அன்றைய நீதிக்குரல்கள் இரண்டு நம் வட்டாரத்து மண்ணிலிருந்தே எழுந்தன.

ஐயர் குறுகிய உள்ளம் படைத்தவரல்லர் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. பெற்றோர்க்கு அளித்த வாக்கைக் காப்பது கடன் என்று கருதினார் எனப் பரிந்துரைப்போர் உண்டு. ஆயினும் பொதுப்பணத்தில் நடந்த கல்விக்கூடத்தில், இரு சிறுவர்க்கு விரித்த தனியிலை ஏனைய சிறுவர்க்கு எத்தகைய பாடத்தைக் கற்பித்திருக்கும் என்னும் வினா அந்தப் பரிவால் மறையாது. இலண்டனில் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்தவர், சீக்கியராகவும் முஸ்லிமாகவும் கடல் கடந்தவர், தம் குருகுலத்து உணவுக்கூடத்தின் வாயிலைக் கடக்க இயலாது நின்றார். அயலார் உடையை அணிவதினும் தம்மவர் வழக்கத்தைக் களைவது அரிது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. 1925இல் ஐயர் குருகுலத் தலைமையிலிருந்து விலகினார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசிலிருந்தே வெளியேறினார். குருகுலப் பந்தி தமிழக அரசியலின் போக்கைத் திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

இறுதிப் பயணம்

1925ஆம் ஆண்டு சூன் முதல் வாரத்தில் குருகுல மாணவர்களுடன் ஐயர் பாபநாசம் மலைப்பகுதிக்கு உலாச் சென்றார். மகள் சுபத்திரையும் உடன் வந்தாள். கல்யாண தீர்த்தம் என்னும் அருவிப் பகுதியில் நீரைக் கடக்க முயன்ற சுபத்திரையை வெள்ளம் இழுத்துச் சென்றது. ஐயர் தயங்கவில்லை, மகளைக் காக்க நீரில் பாய்ந்தார். இருவரையும் அருவி கொண்டது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு.

ஆங்கிலக் கால்வாயும் செங்கடலும் விழுங்காத உயிரைத் தாமிரபரணி எடுத்துக்கொண்டது. உளவர் முன் கலங்காத அதே மனிதர், மகளுக்காகக் கணமும் எண்ணாது பாய்ந்தார். அங்கே வேடம் எதுவும் இல்லை. தந்தை மட்டுமே இருந்தார்.

கடல் கடந்து கல்வி தேடி இன்றும் இளைஞர் பலர் நம் ஊர்களிலிருந்து செல்கின்றனர். விடுமுறை நாள்களில் நாடுகள் பல காண்கின்றனர். கண்டவற்றைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வாறு என்பதற்கு ஐயரின் கதைகளும் குறள் மொழிபெயர்ப்பும் கம்பன் ஆய்வும் வழிகாட்டும். கண்டவற்றைத் தம் வீட்டுப் பந்திக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதைச் சேரன்மாதேவி நினைவூட்டும். இரண்டையும் ஒருங்கே கற்பவரே அப்பயணத்தை முழுமையாகக் கற்றவராவர்.