சுட்டுவிரல் தளபதி

தடித்த மீசை! தைக்கும் பார்வை! தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்வதுபோல் ஒரு சுட்டுவிரல்! 1914-ல் பிரிட்டனில் வெளியான அந்தப் போர்ச் சுவரொட்டியில் இருந்தவர் கிச்சனர் பிரபு. இடப்புறம் நின்றாலும் வலப்புறம் நின்றாலும் விரல் பார்ப்பவனையே சுட்டும். மந்திரமல்ல, நேருக்கு நேர் நீட்டிய விரலைத் தட்டைத் தாளில் தீட்டினால் அப்படித்தான் தெரியும். ஆயிரம் பேர் நடுவே நிற்பவனும், தன்னைத்தான் தனியே கூப்பிடுகிறார் என்று எண்ணுவான். கூப்பிடுவது அரசாங்கம் என்பது மறந்துபோகும். ஒரு பெரிய மனிதர் கேட்கிறார், மறுப்பதெப்படி என்ற கூச்சம் பிறக்கும்.

யார் அந்தப் பெரிய மனிதர்?

1850-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பொறியாளர் படையில் சேர்ந்து, எகிப்துப் படையின் தலைவராக உயர்ந்தவர். 1898-ல் சூடானின் ஓம்துர்மான் களத்தில் ஒருபுறம் ஈட்டி, வாள், பழந்துப்பாக்கி. மறுபுறம் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி. ஒரே காலையில் சூடானியர் 10,000 பேரளவில் மாண்டனர். கிச்சனர் பக்கம் மாண்டவர் ஐம்பதைத் தொடவில்லை. இதையும் போர் என்றுதான் எழுதுகிறார்கள்! வென்றபின், என்றோ இறந்துபோன மஹ்தியின் கல்லறையை இடித்து எலும்புகளை நைல் நதியில் வீசினர். லண்டன் வெட்கப்பட்டதா? பிரபு பட்டம் சூட்டி மகிழ்ந்தது!

அடுத்து தென்னாப்பிரிக்கா. போயர்களின் பண்ணைகளைக் கொளுத்தினார். பெண்டு பிள்ளைகளை முகாம்களில் அடைத்தார். நோயாலும் பசியாலும் 26,000 பேருக்கு மேல் மடிந்தனர். பெரும்பாலோர் குழந்தைகள்! தனி முகாம்களில் மாண்ட கறுப்பின மக்களைச் சரியாக எண்ணிவைக்கக்கூட எவரும் அக்கறை காட்டவில்லை. எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கில மாது நேரில் கண்டு அம்பலப்படுத்தினார். ஆனாலும் பிரபுவின் புகழ் மங்கவில்லை. 1902 முதல் 1909 வரை இந்தியப் படைக்குத் தலைவர். அவரோடு மல்லுக்கட்டி 1905-ல் பதவி துறந்தவர் வைஸ்ராய் கர்சன்.

1914 ஆகஸ்டில் போர் அமைச்சரானார். கிறிஸ்துமசுக்குள் முடிந்துவிடும் என்று பலர் நம்பியபோது, மூன்றாண்டாவது நீளும், இலட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்று கணித்தார். அந்தக் கணக்கில் அவர் தவறவில்லை.

செப்டம்பர் 5-ல் லண்டன் ஒப்பினியன் ஏட்டின் அட்டைக்கு ஆல்பிரட் லீட் என்ற ஓவியர் அந்த முகத்தைத் தீட்டினார். அதுவே பிறகு சுவரொட்டியானது. இங்கே ஒரு வேடிக்கை. ஒரே நாளில் 33,000 பேருக்கு மேல் பட்டாளத்தில் சேர்ந்தது செப்டம்பர் 3-ல். படம் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால்! அப்படியானால் தாளா ஆளைச் சேர்த்தது? பதினாறு ஆண்டுகளாக ஓம்துர்மான் வெற்றியைப் பாடிப் பாடி, முகாம்களின் ஓலத்தை அமுக்கி, பத்திரிகைகள் வளர்த்த புகழ் அது. அந்தப் புகழை ஓவியர் ஒரு முகமாக, ஒரு விரலாகச் சுருக்கினார். ஒரு சொல் விளக்கம் தேவைப்படவில்லை. 1917-ல் அமெரிக்கா அதே விரலை அங்கிள் சாமுக்கு மாட்டி 40 இலட்சம் படிகள் அச்சிட்டது. 1920-ல் செஞ்சேனையும் அதே பாணியில் விரல் நீட்டியது.

விரல் சுட்டிய பிரிட்டிஷ் ஆண்களில் பத்தில் நால்வருக்கு அன்று ஓட்டுரிமை கிடையாது! போர் வேண்டுமா என்று அவனைக் கேட்டவரில்லை. போருக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டார்கள். அனைத்து ஆண்களுக்கும் ஓட்டு 1918-ல்தான் வந்தது.

தொண்டர் வரத்து வற்றியது. 1916 சனவரியில் கட்டாயப் படைச் சட்டம் வந்தது. சூன் 5-ல் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட கிச்சனரின் ஹாம்ப்ஷயர் கப்பல் ஆர்க்னித் தீவருகே கண்ணியில் மோதி மூழ்கியது. பிழைத்தவர் பன்னிருவர், பிரபுவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவர் அழைத்துச் சேர்த்த வாலிபர்கள் சூலை 1-ல் சோம் களத்தில் இறங்கினர். அக்ரிங்டன் என்ற ஆலை நகரின் பெயர் தாங்கிய அணியில் சுமார் 700 பேர். ஒரே தெருக்காரர்கள், ஒரே பள்ளித் தோழர்கள், ஒன்றாகவே போய்ப் பெயர் கொடுத்தவர்கள். அரை மணிக்குள் 584 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அந்தச் செய்தி ஊர்வந்து சேரப் பல நாளாயிற்று.