கணக்கோடு வாழ்ந்த டக்ளஸ் ஹார்ட்ரீ

இயற்பியலோ வேதியியலோ பயிலும் மாணவர்களுக்கு ஹார்ட்ரீ என்ற பெயர் புதிதன்று. அணுக்களின் ஆற்றலை அளக்கும் அலகு ஒன்று இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் இவர் கேம்பிரிட்ஜில் இரண்டாம் வகுப்பில் தேறிய பட்டதாரி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹார்ட்ரீ 1897 மார்ச் 27ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் பொறியியல் விரிவுரையாளர். முதல் உலகப் போர் மகனின் படிப்பைத் தடை செய்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்கும் குழுவில் தந்தையும் மகனும் சேர்ந்தனர். சமன்பாடுகளைத் தாளும் பென்சிலுமாகப் படிப்படியாகத் தீர்க்கும் திறன் அங்குதான் ஹார்ட்ரீக்குக் கைவந்தது.

1926இல் ஷ்ரோடிங்கர் தம் சமன்பாட்டை வெளியிட்டார். ஓர் எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனுக்கு விடை எளிதில் கிடைத்தது. இரும்புக்கோ 26 எலெக்ட்ரான்கள்! ஒவ்வொன்றுக்கும் மூன்றாக 78 மாறிகள். மாறிக்குப் பத்து மதிப்புகள் என்று அட்டவணை போட்டாலும், 1ஐத் தொடர்ந்து 78 சுழியங்கள் வரும் அளவுக்கு எண்களை எழுத வேண்டும். அதற்குத் தாள் ஏது?

1927இல் ஹார்ட்ரீ ஒரு வழி கண்டார். ஒவ்வோர் எலெக்ட்ரானும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொண்டார். முதலில் புலத்தை ஊகித்து, எலெக்ட்ரான்களுக்குத் தனித்தனியே விடை காண்பது. அவ்விடைகளிலிருந்து புதிய புலத்தைக் கணித்து மீண்டும் தொடங்குவது. இட்ட புலமும் வந்த புலமும் ஒத்துப்போகும் வரை சுற்றுவது. இதுவே அவர் முறை.

எலெக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது என்ற விதி இம்முறையில் முழுமையாக இடம்பெறவில்லை என்பதை 1930இல் ஃபோக், ஸ்லேட்டர் இருவரும் தனித்தனியே காட்டினர். ஹார்ட்ரீ திருத்தத்தை ஏற்றார். முன்னைவிடக் கடினமான அக்கணக்குகளைத் தந்தையோடு சேர்ந்து போட்டார். 1943இல் தந்தை மறையும் வரை அக்கூட்டுழைப்பு நீடித்தது.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது, 1933இல் அமெரிக்கா சென்று வன்னெவர் புஷ் அமைத்த கணிப்பொறியைக் கண்டார். திரும்பியதும் மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து, மெக்கானோ என்னும் சிறுவர் விளையாட்டுப் பொருள்களைக் கொண்டே 1934இல் அதன் மாதிரியை உருவாக்கினார். செலவு ஏறத்தாழ 20 பவுண்டு! அதில் அணுக் கணக்குகளும் போடப்பட்டன. 1946இல் எனியாக் மின்னணுக் கணினியையும் பயன்படுத்தினார். பல உறுப்புகள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய இயந்திரம் அது.

1958 பிப்ரவரி 12ஆம் நாள் ஹார்ட்ரீ மறைந்தார். அவருடைய சுற்று முறை மறையவில்லை. எலெக்ட்ரான்களுக்கு இடையிலான விசைக் கணக்குகளை இன்றைய மீத்திறன் கணினிகள் ஆயிரக்கணக்கான செயலிகளுக்குப் பங்கிட்டு, விடைகளைக் கூட்டி, அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. சராசரிப் புலம் விட்டுவிடும் நுட்பங்களைத் தேடும் கணக்குகளும் பெரும்பாலும் இவ்விடையிலிருந்தே தொடங்குகின்றன. இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் உள்ள மீத்திறன் கணினி மையத்திற்கு ஹார்ட்ரீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

தேர்வில் பெற்ற வகுப்பு ஒருவரின் எல்லையன்று. முழு விடை எட்டாதபோது, எட்டக்கூடிய விடையைப் பொறுமையோடு திருத்திக்கொண்டே செல்வதும் அறிவியலே. அடுத்த முறை நம் ஆய்வுக்கூடக் கணினித் திரையில் அச்சுற்றுகள் ஒவ்வொன்றாக ஓடும்போது, தந்தையும் மகனும் கையால் போட்ட கணக்குகளை நினைத்துப் பார்ப்போம்.