வாரிசுச் சண்டைக்கு முடிவு கட்டிய சுல்தான் அபு பக்கார்

மாசாய் - ஜொகூர் பாரு சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலை அறியாதவர் நம்மில் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் சுல்தானின் மகன் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது.

1812-இல் சுல்தான் மாமுட் வாரிசை அறிவிக்காமலே மறைந்தார். இளைய மகன் அரியணை ஏறினார். 1819-இல் மூத்தவர் உசேனைச் சுல்தானாக ஏற்ற ஆங்கிலேயர், சிங்கப்பூரில் காலூன்றினர். 1824-இல் அத்தீவு முழுதும் கைநழுவியது. 1855 ஒப்பந்தப்படி உசேனின் மகன் அலிக்குப் பட்டமும் மூவார் பகுதியும் மிஞ்சின. ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் இப்ராகிமிடம் வந்தது.

இப்ராகிமின் மகனே அபு பக்கார். 1833-இல் சிங்கப்பூரில் பிறந்து, 1862-இல் பொறுப்பேற்றார். 1866-இல் தஞ்சோங் புத்ரி ஜொகூர் பாரு ஆனது. 1868-இல் மகாராஜா, 1885 ஒப்பந்தத்தில் சுல்தான் என உயர்ந்தார்.

ஆனாலும் பட்டம் மட்டும் போதாது என்பதை முந்தைய சண்டை காட்டியிருந்தது. 1895 ஏப்ரல் 14-இல் ஜொகூருக்கு எழுத்து வடிவில் அரசியலமைப்புச் சட்டம் தந்தார். யார் ஆளலாம் என்பதை அது வரையறுத்தது; நாட்டை அந்நியரிடம் ஒப்படைக்கவும் தடை விதித்தது.

அவ்வாண்டு ஜூன் 4-இல் அவர் லண்டனில் காலமானார். 21 வயது மகன் இப்ராகிம் சிக்கலின்றி அரியணை ஏறி, 1959 வரை ஆண்டார். அந்த இப்ராகிமின் கொள்ளுப்பேரன்தான் 2024-இல் பதவியேற்ற நம் மாமன்னர் சுல்தான் இப்ராகிம்.